கடலைக் கேட்டு நாள் குறியுங்கள்

"அந்தமான்: ஐந்து பகல், நான்கு இரவு. எரிமலைத் தீவு, பவளப்பாறை, ஸ்நார்கெலிங், செல்லுலார் சிறை, எல்லாம் உண்டு." இப்படி ஒரு நோட்டீஸ் வாட்ஸ்ஆப்பில் வராத வீடு இன்று கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் குறைவு. சிப்காட் ஆலைகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள், எண்ணூர் பக்கம் துறைமுக வேலையில் இருப்பவர்கள், திருவள்ளூரில் கடை வைத்திருப்பவர்கள் எனப் பலருக்கும் ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்து முடிந்த ஊர்கள். பிள்ளைகளை ஒருமுறை விமானத்தில் ஏற்றி, கடலுக்குள் முகம் புதைத்து மீனைக் காட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஏஜென்ட்டிடம் கேட்டால், "எல்லாமே கவர் ஆயிடும் சார்" என்பார்.

எல்லாம் ஆகாது. தீவுப் பயணத்தில் நாளை வகுப்பது நோட்டீஸ் அல்ல, கடல். எந்த மாதம் காற்று அடங்கும், எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும், வற்றும், எந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும் என்ற மூன்றையும் முதலில் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு இடங்களை அடுக்கினால் அந்தமான் குடும்பத்துக்கு மிக நல்ல பயணம். தலைகீழாகச் செய்தால் பாதி நாள் ஜெட்டியில் காத்திருப்பதிலேயே போய்விடும்.

முதலில் எரிமலை எங்கே என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் இருக்கிறது. பாரன் தீவு என்று பெயர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். கடலடித் தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கும் மலை அது. தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதி 350 மீட்டர் சொச்சம்தான். தீவின் குறுக்களவு மூன்று கிலோமீட்டர் இருக்கும். 1787இல் அது வெடித்ததற்கு எழுத்துப் பதிவு உண்டு. அதன்பின் சில முறை பொங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தூங்கிய மலை 1991இல் திடீரென்று விழித்தது. அன்றிலிருந்து விட்டு விட்டுப் புகைந்துகொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரிலும் சிறிதாகச் சீறியது. அங்கே ஊர் இல்லை, ஓட்டல் இல்லை. மனிதர் கொண்டுபோய் விட்ட ஆடுகள் காடேறிப் பெருகியிருக்கின்றன. சுற்றுலா வந்தவர்கள் தீவில் கால் வைக்க அனுமதி கிடையாது. அனுமதி பெற்ற கப்பல்கள் சில சமயம் கூட்டிப்போய்த் தொலைவிலிருந்து சுற்றிக் காட்டித் திரும்பும். நேரமும் பணமும் கூடுதலாகத் தேவைப்படும் அந்தப் பயணத்தைச் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

நோட்டீஸில் "எரிமலைத் தீவு" என்று அச்சடித்திருப்பதால், அந்தமான் முழுவதும் எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது என்று நினைக்க வேண்டாம். இந்தியப் புவித்தட்டு கிழக்கே நகர்ந்து பர்மாத் தட்டுக்கு அடியில் செருகுகிறது. அந்த நெருக்கலில் கடலடிப் படிவுகள் மடிந்து மேலெழுந்து நிற்பவைதான் நாம் போய் இறங்கும் பெரிய தீவுகள். செருகிய தட்டு ஆழத்துக்குப் போனபின் பாறை உருகி மேலே கிளம்பும் கோட்டில் இருப்பவை பாரன் தீவும், அதற்கு வடக்கே உள்ள நார்கொண்டமும். நார்கொண்டம் இன்று அடங்கிய எரிமலை. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சிப் பறவை அங்கே மட்டும் வாழ்கிறது.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கமும் இதே தட்டு விளிம்பில் நடந்ததுதான். பழவேற்காட்டுக் கரையில் ஏறிய அலை கிளம்பியதும் இந்த விளிம்பில்தான். அன்று வட அந்தமான் கரை மேலே தூக்கப்பட்டது. தண்ணீருக்குள் இருந்த பவளப்பாறைகள் காற்றில் வெளிப்பட்டுச் செத்தன. தெற்குப் பகுதி அமிழ்ந்தது. போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட் வயல்கள் உப்புநீருக்குள் போயின. பிள்ளைகளுக்குப் புவியியல் பாடம் கண்முன் நடக்கும் இடம் இதைவிட நமக்கு அருகில் இல்லை.

சரி, எப்போது போவது? இங்கேதான் பள்ளிக்கூட நாள்காட்டியும் ஆலை லீவும் கடலின் நாள்காட்டியோடு மோதும். நமக்குக் கோடை விடுமுறை மே முழுவதும் உண்டு. ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருமுன் அந்தமானுக்கு வந்துவிடும். வழக்கமான நாள் மே மூன்றாம் வாரம். 2025இல் மே 13ஆம் தேதியே தெற்கு அந்தமான் கடலில் மழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. மழை வந்தால் காற்று வரும், காற்று வந்தால் கடல் கலங்கும், படகு நிற்கும். ஆகவே கோடையில் போகிறவர்களுக்குக் கிடைக்கும் நல்ல இடைவெளி, தேர்வு முடிந்த ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே முதல் வாரம் வரைதான். வெயில் கடுமையாக இருக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கும். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு மே கடைசியில் கிளம்பலாம் என்று எண்ணுகிறவர்கள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

பொங்கல் விடுமுறை இன்னும் சிறந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் இதம். அந்தச் சமயத்தில் டிக்கெட் விலை ஏறும் என்பதால், செப்டம்பர் அக்டோபரிலேயே பதிவு செய்துவிட வேண்டும். காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜை லீவும் சேர்ந்து வரும் நாட்கள் ஆசைகாட்டும். கடல் அப்போது பெரும்பாலும் ஒத்துழைக்காது. அரையாண்டு விடுமுறை நடுத்தரம். டிசம்பரில் அந்தமான் நன்றாக இருந்தாலும் சென்னை நன்றாக இருக்க வேண்டுமே. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. டிசம்பரில் போகிறவர்கள் திரும்பி வந்த மறுநாளே ஷிப்டுக்குப் போக வேண்டியபடி லீவு எழுதிக் கொடுக்கக் கூடாது.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம், ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். கப்பலும் உண்டு, கடலில் இரண்டரை நாள் எடுக்கும். ஒரு வார லீவில் அது கட்டுப்படியாகாது. விமானங்கள் பல அதிகாலையில் கிளம்பும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் எழுபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மின்சார ரயிலில் வந்து கடற்கரையில் மாறிப் போகலாம் என்று அதிகாலை விமானத்துக்குத் திட்டமிடுவது ஆபத்து. கார் பிடித்துப் புழல் பைபாஸ் வழியாகப் போவதே சரி. கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் லாரி ஓடும் என்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

போய் இறங்கியதும் பலருக்கு ஆச்சரியம் தருவது வெளிச்சம். கடிகாரம் இங்கே உள்ளதுதான், சூரியன்தான் வேறு. நம் ஊருக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கு மேல் தள்ளி இருப்பதால், ஏப்ரலில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது விடியும். மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கும். டிசம்பரில் அதற்கும் முன்பே. காலை எட்டரைக்கு மெதுவாக இட்லி சாப்பிட்டுக் கிளம்பும் பழக்கத்தை இங்கே ஐந்து நாளைக்கு மூட்டை கட்டி வைக்க வேண்டும். ஸ்நார்கெலிங்குக்கு நல்ல வெளிச்சமும் அமைதியான தண்ணீரும் பெரும்பாலும் காலையில்தான் சேர்ந்து கிடைக்கும். இட்லிக்குக் கவலையில்லை. அந்தமானில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். கடைத்தெருவிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் படகுத்துறையிலும் தமிழ் கேட்கும்.

இனி நாட்களை அடுக்குவோம். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு நான்கு இரவு போதாது, ஆறு இரவு வேண்டும். தலைநகர் போர்ட் பிளேரில் இரண்டு, ஹாவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று, திரும்பும் முன் தலைநகரில் ஒன்று. ஹாவ்லாக்கும் நீலும் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்று பெயர் மாறின. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஊரில் பழைய பெயர் புழங்கும். கப்பல் சேவை இயக்குநரகத்தின் அரசுப் படகு மலிவு, ஆனால் மெதுவாகப் போகும். தனியார் வேகப் படகு ஹாவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம் சொச்சத்தில் போய்விடும். விமான டிக்கெட் போட்ட கையோடு படகு டிக்கெட்டையும் போட்டுவிட வேண்டும். அறை கிடைத்து, படகு கிடைக்காமல் திட்டம் குலைவது பொங்கல் சமயத்தில் நடக்கக்கூடியது.

கடைசி இரவைத் தலைநகரில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்று கூடினால் துறைமுகத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். அன்றே விமானம் என்றால் டிக்கெட் போச்சு.

நீல் தீவு சின்னது. ஆனால் கடலைக் கேட்டு நாள் குறிப்பது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. அங்கே இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று லக்ஷ்மண்பூர் பக்கம் உள்ள இயற்கைப் பாலம். பழைய பவளப்பாறை அரிக்கப்பட்டு வளைவாக நிற்கிறது. தண்ணீர் வற்றினால்தான் அதன் அடிவரை நடந்து போக முடியும். வற்றிய பாறைக் குட்டைகளில் கடல் வெள்ளரி, நண்டு, சின்ன மீன்கள் எல்லாம் சிக்கி நிற்பதைப் பிள்ளைகள் குனிந்து பார்க்கலாம். மற்றொன்று பரத்பூர் கடற்கரை. ஸ்நார்கெலிங்கும் கண்ணாடி அடித்தளப் படகும் அங்கேதான். தண்ணீர் வற்றினால் அங்கே பவளம் வெளியே தலைகாட்டும், படகு ஓடாது. ஒன்றுக்கு வற்றம் வேண்டும், மற்றதற்கு ஏற்றம் வேண்டும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம் சொச்சம். காலை ஏழு மணிக்கு வற்றம் என்றால் முதலில் பாலம், பகல் ஒரு மணியை ஒட்டிப் பரத்பூர். மறு வாரம் போகிறவருக்கு இது அப்படியே தலைகீழாக இருக்கலாம், ஏனென்றால் நேரம் நாளொன்றுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும்.

சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டியே இருப்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இரண்டு மீட்டர் வரை போகும். ஒரு ஆள் உயரத்துக்குக் கடல் ஏறி இறங்குகிறது என்றால் திட்டம் மாறத்தானே வேண்டும். போகும் தேதிகளுக்கான நேரத்தை இணையத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலை எச்சரிக்கைகளை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் வெளியிடுகிறது.

ஸ்நார்கெலிங்குக்கு வருவோம். நீச்சல் தெரியாதவரும் செய்யலாம் என்பது உண்மை. முகத்தை மூடும் மாஸ்க், வாயில் கடித்துக்கொள்ளும் குழாய், லைஃப் ஜாக்கெட், பிடித்துக்கொள்ள ஒரு மிதவை வளையம். கைடு வளையத்தை இழுத்துக்கொண்டு நீந்துவார். நீங்கள் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு மிதக்க வேண்டியதுதான். முதல் இரண்டு நிமிடம் மனம் பதறும். மூக்கு அடைபட்டு, வாயால் மட்டும் மூச்சு விடுவது பழக்கமில்லாததால் வரும் பதற்றம் அது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, முகத்தை மட்டும் அமிழ்த்தி, மெதுவாக இழுத்து மெதுவாக விட்டுப் பழகினால் அடங்கிவிடும். இன்னும் நல்ல வழி, கிளம்பும் முன்பே ஒரு மாஸ்க்கும் குழாயும் வாங்கி, வீட்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பிப் பிள்ளைகளை முகம் வைத்துப் பழகவிடுவது. கடலில் அழப்போகும் குழந்தை வீட்டில் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையைப் போடாமல் முகத்தில் ஒட்டி மூக்கால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் சரி. நம் ஆண்களுக்கு இதில் ஒரு தொல்லை மீசை. ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி இருந்தால் அந்த வழியே தண்ணீர் கசியும். மீசை மேல் கொஞ்சம் வாசலின் தடவினால் குறையும். கண்ணாடியில் பனி படர்ந்தால் உள்பக்கம் எச்சில் தடவி அலசுவார்கள். அருவருப்பு வேண்டாம், உலகம் முழுவதும் முக்குளிப்பவர்கள் செய்வது இதுதான். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் மாஸ்க்குக்குள் அதைப் போட முடியாது. பவர் வைத்த மாஸ்க் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை செலவு செய்து போய் மங்கலான நீலத்தைத்தான் பார்ப்பார்கள்.

குழாய் ஏன் ஒன்றேகால் அடிக்கு மேல் நீளமாக இருப்பதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீளக் குழாயில் நாம் விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். அதோடு, ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீரின் அழுத்தம் நெஞ்சை விரியவிடாது. இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: தண்ணீருக்குள் பார்க்கும் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ளதைவிடக் கிட்டத்திலும் தெரியும். அதனால்தான் கை தானாக நீளும். நீட்டக் கூடாது. பாறைபோல் தெரிவது பாறை இல்லை; லட்சக்கணக்கான சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஐம்பது ஆண்டு வளர்ச்சியை ஒரு கால் மிதி உடைத்துவிடும். காலும் கிழியும்.

ஹாவ்லாக்கில் ஸ்நார்கெலிங்குக்கு எலிஃபென்ட் கடற்கரைக்குப் படகில் கூட்டிப்போவார்கள். படகுக் கட்டணத்தோடு சேர்த்துத் தருவது பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கூடுதல் நேரத்துக்குத் தனியாகப் பேசிக்கொள்வது நல்லது. ஆனால் பவளம் பார்க்கவே போகிறவர்களுக்கு இன்னொரு நல்ல இடம் ஜாலி பாய். 1983இல் அமைத்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் பதினைந்து தீவுகள் உண்டு. ஜாலி பாய் அவற்றில் ஒன்று. வண்டூர் துறையிலிருந்து படகு. வனத்துறை அனுமதி முன்பே எடுக்க வேண்டும், ஆண்டு முழுவதும் திறந்திருக்காது; மற்ற மாதங்களில் பக்கத்துத் தீவான ரெட் ஸ்கின்னைத் திறந்து இதற்கு ஓய்வு தருவார்கள். பிளாஸ்டிக் கொண்டுபோக அனுமதி இல்லை. தீவில் கடை கிடையாது என்பதால் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துப்போக வேண்டும். இத்தனை கெடுபிடி இருப்பதால்தான் அந்த இடம் இன்னும் நன்றாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாத ஒரு விஷயம் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து, 2014 ஜனவரி 26 அன்று, போர்ட் பிளேர் அருகே ராஸ் தீவிலிருந்து நார்த் பே நோக்கிப் போன சுற்றுலாப் படகு மூழ்கி 21 பேர் போனார்கள். பலர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். இருபத்தைந்து பேருக்கான படகில் நாற்பது பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். இரண்டும் நம் மக்கள், இரண்டும் பண்டிகை, விடுமுறை நாள். அங்கே புயலும் இல்லை, எரிமலையும் இல்லை; தலைக்கணக்குதான் கொன்றது.

அந்த விபத்துக்குப் பின் அந்தமானில் விதிகள் இறுகியிருக்கின்றன. ஆனாலும் படகில் ஏறும் முன் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பது குடும்பத் தலைவரின் வேலை. "அண்ணா, பிள்ளைக்குச் சின்ன சைஸ் ஜாக்கெட் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் காது வரை ஏறக் கூடாது. போட்டோவுக்காக வாரை அவிழ்க்க வேண்டாம். கூட்டம் அதிகம் என்று தோன்றினால் அடுத்த படகில் போகலாம். கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

பாராடாங் பயணம் தனிக் கதை. அங்கே மண் எரிமலை இருக்கிறது. நோட்டீஸ் சொல்லும் எரிமலை பெரும்பாலும் இதுதான். நெருப்பும் குழம்பும் இருக்காது. பூமிக்கடியில் நெருக்குண்ட சேற்றை வாயுவும் நீரும் மேலே தள்ள, சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டுக்கொண்டிருக்கும். 2004 நிலநடுக்கத்தை அடுத்து அது ஆவேசமாகப் பொங்கியது. சாதாரண நாளில் குமிழியை மட்டும் பார்க்கலாம். அதைவிட, சதுப்புநிலக் காட்டுக்கு நடுவே படகில் போய்ப் பார்க்கும் சுண்ணாம்புக் குகை அழகு. ஆனால் இதற்கு விடியற்காலை மூன்று, மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து வரிசையாகத்தான் அனுப்புவார்கள். முழு நாள் போய்விடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோ, முழங்கால் வலிக்கும் பெரியவர்களோ இருந்தால் விட்டுவிடுவதே மேல்.

வரிசையாக அனுப்புவதற்குக் காரணம், சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டப்படி வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, சாப்பிடக் கொடுப்பது எல்லாமே குற்றம். 2012இல் அங்கே உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ வெளியாகி உலகமே கண்டித்தது. அவர்கள் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். நாம்தான் அவர்கள் வீட்டு வழியே போகிறோம். பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். கடல் வழியாகப் பாராடாங் போகும் படகு அந்த நாட்களில் ஓடுமானால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

தண்ணீருக்குள் விளம்பரப் படத்தில் உள்ள நிறங்கள் அத்தனையும் தெரியுமா? எல்லா இடத்திலும் தெரியாது. பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கடல் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். சூடு நீடித்தால் செத்துவிடும். 2010 கோடையில் அந்தமானில் இது பெரிய அளவில் நடந்தது. சில இடங்கள் தேறின, சில இடங்களில் இன்னும் சாம்பல் திட்டுகள். ஆனாலும் கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் காதில் கேட்கும். அது கொறித்துக் கழித்த தூள்தான் காலடியில் உள்ள வெள்ளை மணலில் பெரும்பங்கு. கடல் சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீனைப் பார்த்த பிள்ளை வாயில் குழாய் இருப்பதை மறந்து கத்தப் பார்க்கும். சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதைவிட முழுக்கை டீஷர்ட் போட்டு இறங்குவது தோலுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது.

எச்சரிக்கைப் பலகை இருக்கும் கடற்கரையில் இறங்க வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. 2010இல் ஹாவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்த ஒரு வெளிநாட்டுப் பெண் முதலையால் இறந்தார். சதுப்புநிலக் காடும் ஓடை முகமும் உள்ள இடங்களில், மாலை இருட்டும் நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. வலை கட்டியிருந்தால் வலைக்குள்தான் குளிக்க வேண்டும். ஸ்கூபா டைவிங் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் பயணத்தின் முன்பாதியில் முடித்துவிட வேண்டும். டைவ் செய்தபின் விமானம் ஏறக் குறைந்தது பதினெட்டு மணி நேரம் இடைவெளி தேவை. ஸ்நார்கெலிங்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் இரண்டுக்குமே முன் மருத்துவரைக் கேட்கட்டும். படகில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், அலையில் மாட்டியபின் போட்டுப் பயனில்லை.

உண்மையிலேயே எரிமலை எழுப்பிய தீவில் ஸ்நார்கெலிங் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு மொரிஷியஸ் இருக்கிறது. முழுத் தீவும் எரிமலைப் பாறை. ஊருக்கு நடுவே அடங்கிய எரிமலை வாய், தென்கிழக்கே புளூ பே பவளப் பூங்கா, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. பாலியும் அப்படித்தான்; ஆகுங் மலையடியில் ஆமெட் கடற்கரை கறுப்பு மணல். 2017 நவம்பரில் ஆகுங் புகைந்தபோது விமான நிலையத்தை மூடினார்கள், ஆயிரக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். இவற்றுக்கு பாஸ்போர்ட் வேண்டும், செலவும் வேறு அளவு.

அந்தமானுக்கு ஆதார் போதும். கம்பெனியில் எல்.டி.ஏ. என்ற விடுமுறைப் பயணப்படி இருந்து, பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் நான்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயணக் கட்டணத்துக்கு வரிவிலக்குப் பெறலாம். டிக்கெட்டுக்கு மட்டும்தான், ஓட்டலும் ஸ்நார்கெலிங்கும் சேராது. அதனால் போர்டிங் பாஸையும் டிக்கெட்டையும் பத்திரப்படுத்த வேண்டும்.

திரும்பும் நாளில் பெட்டியில் ஒரு துண்டு பவளம்கூட இருக்கக் கூடாது. கரையில் செத்து ஒதுங்கியதுதானே என்று பிள்ளை பொறுக்கி வைத்திருக்கும். பவளமும் பல சங்கு, சிப்பி வகைகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் எடுத்துக்கொள்வார்கள், விளக்கமும் சொல்ல வேண்டிவரும். சங்கு வேண்டுமானால் ரசீது தரும் கடையில் வாங்கி, ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவு அறையிலேயே பிள்ளைகளின் பைகளை ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுவது நல்லது.